காளியண்ணனின் ஹைட்ரஜன் ஜீப்

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிற காளியண்ணனுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். மச்சினன் சரவணன் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியை மாட்டியதும் அந்த வாயைப் பிடிக்க ஆளில்லை. ஜாடியில் தண்ணீர், அதற்குள் எவர்சில்வர் தகடுகள். பேட்டரி கரண்ட் பாய்ந்தால் தண்ணீர் பிரிந்து, ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பி இஞ்சினுக்குள் போகும்.

"டீசலுக்கு இது சும்மா ஒத்தாசைதான் மாமா" என்று சரவணன் படித்துப் படித்துச் சொன்னான். கேட்டால்தானே! ஜீப் ஸ்டாண்டில் காளியண்ணன் அளந்ததே வேறு.

"இனி நம்ம ஜீப்பு தண்ணியிலயேதானுங்க ஓடும்!"

மறுநாள் ராகி மூட்டையோடு அவன் ஜீப்பில் வந்து இறங்கிய ராசம்மாள், கட்டணத்துக்குப் பதிலாக ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினாள்.

"தண்ணியிலதான ஓடுது சாமி? எங்க கெணத்துத் தண்ணி, நொம்ப நல்ல தண்ணி."

அவளைப் பார்த்து மற்றவர்களும் பாட்டிலை நீட்டினார்கள். அடுத்த நாள் குடமே வந்தது. டீசல் என்று வாயைத் திறந்தால் ஸ்டாண்டில் தலைகாட்ட முடியுமா? காளியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தான். பாவம், அவன் வீட்டில் குழம்புக்கும் குளியலுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

சேர்வராயன் கோயில் திருவிழாவன்று ஜீப் நிறைய ஆட்கள். பாதி ஏற்றத்தில் வண்டி இருமிவிட்டு நின்றுபோனது. டேங்க் காலி. பின்னாலிருந்து ஒரு குடம் முன்னால் வந்தது.

"ஊத்து கண்ணு, பூசைக்கு நேரமாவுது" என்றாள் ராசம்மாள்.

"ஊத்துனாலும் ஓடாதுங்க."

"ஏனுங்க?" என்று ஜீப்பே கேட்டது.

காளியண்ணன் கூனிக் குறுகிப்போனான். அழுகையே வந்துவிட்டது.

"தண்ணியப் பிரிக்கக் கரண்டு வேணுமுங்க. கரண்டுக்கு இஞ்சின் ஓடோணும். இஞ்சினுக்கு... டீசல்தானுங்க வேணும். மொத நாள்ல இருந்தே டீசல்லதானுங்க ஓடுது."

ராசம்மாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்து அவன் மடியில் வைத்தாள். மூடியைத் திருகினான். டீசல்.

"போன வாரமே வாங்கி வெச்சுட்டோம் கண்ணு. உன்ற வாயால இத ஒருக்காச் சொல்ல வெக்கறதுக்குள்ள, தண்ணி தூக்கித் தூக்கி எங்க இடுப்பே ஒடஞ்சு போச்சு!"