ஐம்பத்தொன்பது டப்பா ஸ்ட்ராபெர்ரி

நாலாம் வகுப்பு எலாதியாவை இரண்டாம் வகுப்புக் கணக்கில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள் அவள். மெக்சிகோ மலையிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வீட்டில் பேசுவது மிஸ்தெக் என்ற மலைப் பழங்குடி மொழி. பள்ளியோ ஸ்பானிஷ் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. அவளுக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒன்றுபோல அரைகுறைதான்.

"பாருங்க செனாய்தா," என்று மிஸ் பெட்டர்சன் தாளை நீட்டினார். நான் அவர் வகுப்பின் உதவியாளர். எலாதியாவின் மொழி தெரிந்த ஒரே ஆள். "'விளக்கம் எழுது'ன்னு ஒவ்வொரு கணக்குக்குக் கீழயும் இருக்கு. எல்லாம் காலி. இதுல விடையே தப்பு."

ஐம்பத்தொன்பது டப்பா ஸ்ட்ராபெர்ரி, பெட்டிக்கு எட்டு டப்பா. எல்லாம் அடுக்க எத்தனை பெட்டி வேண்டும் என்பதை நாலு வரிக்கு இழுத்திருந்தார்கள். எலாதியா ஏழு என்று எழுதியிருந்தாள்.

"எட்டு வேணும். மிச்சம் மூணு டப்பாவ தரையிலயா வைப்பா?" என்றார் டீச்சர்.

எலாதியாவைக் கூப்பிட்டு எங்கள் மொழியில் கேட்டேன். "ஏன்டி ஏழு?"

"அத்தை, நீங்களும் வயல்ல பறிச்சவங்கதானே!" என்று என்னையே முறைத்தாள். "நிறையாத பெட்டிக்கு மேஸ்திரி அட்டையில ஓட்டை போடுவாரா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்து வருஷம் குனிந்து பறித்த எனக்கே தோன்றவில்லையே! நிறைந்த பெட்டிக்குத்தான் கூலி அட்டையில் ஓட்டை விழும், ஓட்டையை எண்ணித்தான் கூலி என்று டீச்சரிடம் சொன்னேன்.

"நீங்க சொல்லிக்குடுத்திருப்பீங்க. அவளே சொல்லட்டும்."

எலாதியா பலகையில் ஏழு பெட்டி வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓட்டைக்கு ஒரு வட்டம் போட்டாள். எட்டாவதில் மூன்றே டப்பா, கீழே ஒன்றுமில்லை. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினாள்.

"மிஸ், இன்னும் அஞ்சு டப்பா, அப்போ எட்டு. இப்போ ஏழு."

மிஸ் பெட்டர்சன் வகுப்பு மாற்றும் தாளை இரண்டாகக் கிழித்தார். "நாளைக்கு நீ எங்களுக்கு ஒரு கணக்கு குடு," என்றார்.

மறுநாள் பலகையில் எலாதியா வரைந்த ஐந்து நிறைந்த பெட்டிகள். மூன்று பெட்டிகளில் தலா ஒரு டப்பா கறுப்பு. பக்கத்தில் ஓர் அட்டை, ஒரு கேள்விக்குறி.

"கறுப்பு அழுகல். நாப்பதுல மூணு போச்சு, முப்பத்தேழு," என்றார் டீச்சர். "நாலு ஓட்டை!"

"ரெண்டு!" என்று பின்வரிசை அலறியது. ஆறு மாதமாக வாயே திறக்காத வயல்காட்டுப் பிள்ளைகள். "ஒண்ணு அழுகினா மொத்தப் பெட்டியும் திரும்பி வரும், மிஸ்!"

எலாதியா சிவப்புப் பேனாவை டீச்சரிடம் நீட்டினாள்.

"தப்பு, மிஸ். விளக்கம் எழுதுங்க."