நாற்பத்தொன்றாம் பக்கம்

இரண்டாவது வீட்டுக்கான கடன் பத்திரங்களில் கையெழுத்திட்ட மறுநாள், காலை ஆறு நாற்பதுக்கு, லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டு வாசற்கதவைத் திறந்து வெளியே கால் வைத்தார். வைத்த கால் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த இரண்டாவது வீட்டின் கூடத்தில் ஊன்றியது. வீட்டோடு சேர்ந்து வந்த குடித்தனக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், இடுப்பில் துண்டோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார். "வாடகை அஞ்சாம் தேதிதானே சார்? இன்னைக்கு ரெண்டுதான் ஆகுது" என்றார் நுரை தெறிக்க. மெக்கானிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசற்கதவைத் திறந்து வெளியேறி, தன் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். "என்னங்க, டிபன் பாக்ஸை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளும் ஏழரை மணிக்கு வேலைக்குக் கிளம்பியபோதுதான் விஷயம் அவளுக்குப் புரிந்தது.

எல்லாம் ஒரு சுவரொட்டியில் ஆரம்பித்தது. அவர்கள் இருந்த வீட்டின் கடனுக்கு ஆறு வருடமாக ஒன்பதே கால் சதவீத வட்டி கட்டிவந்தார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த மனைவி, முகவரி மாற்றம் ஒன்றுக்காக வங்கிக்குப் போனபோது, புதிதாகக் கடன் வாங்குவோருக்கு எட்டே கால் என்று சுவரொட்டியில் ஒரு பெண் சாவியை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடன் அதிகாரி அதைப் புதிய வாடிக்கையாளர் சலுகை என்றார். "அப்ப நாங்க பழைய பாத்திரமா சார்? நேத்து வந்தவனுக்கு எட்டே கால், ஒரு தவணைகூடத் தவறாத எங்களுக்கு ஒன்பதே காலா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நான்கு சனிக்கிழமைகளிலும் கையில் சாப்பாட்டோடு போய் அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். கடனை மாற்றிக்கொள்ளத் தயார் என்று வேறொரு வங்கி கொடுத்த கடிதத்தை அவர் மேசைமேல், எழுத்து அவர் பக்கம் பார்க்கும்படி வைத்தாள். நான்காம் சனிக்கிழமை அதிகாரி குரலைத் தாழ்த்தினார். வாங்கியபோது இருந்ததைவிட வீட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது. அந்த மதிப்பை வைத்து வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்கலாம். வாடகையே தவணையைக் கட்டிவிடும். இரண்டு வீட்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்தால் இரண்டு கடனுக்கும் எட்டே கால். அவள் எட்டு என்றாள். அவர் யாருக்கோ போன் செய்துவிட்டு எட்டு என்றார்.

பத்திரம் ஐம்பத்திரண்டு பக்கம். மெக்கானிக் எதையும் படிக்காமல் விடுகிறவர் அல்ல. இஸ்திரிப் பெட்டியின் உத்தரவாத அட்டையைக்கூட இரண்டு முறை படிப்பார். விரலை வைத்து வரி வரியாக முப்பத்தெட்டாம் பக்கம் வந்திருந்தபோது வங்கியின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். அவர்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டபிறகு அவரால் உட்கார முடியவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழில் அப்படி. மிச்சப் பக்கங்களில் ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினார். அவர் படித்திருப்பார் என்று மனைவியும் போட்டாள். மூவரும் இருபது நிமிடத்தில் வெளியே வந்தார்கள். ஒருவர் அவருக்கு மிட்டாய் கொடுத்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ஒரு சொத்திலிருந்து வெளியேறுவது மற்ற சொத்தில் நுழைவதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி இருந்தது.

அந்த வாரம் அவர்கள் எல்லா வழியையும் பார்த்தார்கள். பின்கதவு அங்கே சமையலறையில் திறந்தது. மெக்கானிக் ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே குதித்து, அங்கே துணி துவைக்கும் இடத்தில் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட இருவருக்கு மட்டும்தான் இப்படி. ஒன்பது வயது மகள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போய்வந்தாள், குடித்தனக்காரரும் போய்வந்தார். கடன் அதிகாரி நேரில் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு, நடைமுறைப்படி எல்லாம் சரியாகவே இருப்பதாகச் சொன்னார். ஒரு வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்கலாம். ஆனால் கடன்தாரர் இருவரும் கிளைக்கு நேரில் வர வேண்டும். "நாங்க எப்படி சார் வர்றது?" என்றார் மெக்கானிக். "வர முடியாதவங்களுக்குத் தனிப் படிவம் இருக்கு சார். அதையும் நேர்லதான் வந்து கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி சிரமமில்லாமல் தெருவில் இறங்கிப் போனார்.

பிறகு வருடங்கள் போயின. கம்பெனி பழுதான மின்பலகைகளை வீட்டுக்கு அனுப்பியது. மெக்கானிக் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சரிசெய்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆள் போய்ச் சேரும்வரை போனில் தைரியம் சொல்வதும் அவர் வேலையாயிற்று. அதில் அவருக்கு நல்ல பெயர். மனைவி வீட்டிலிருந்தே பரிசோதனை முடிவுகளைத் தட்டச்சு செய்தாள். குடித்தனக்காரர் இரண்டே மாதத்தில் வாடகையைக் குறைக்கச் சொன்னார். "நீங்க மட்டும் பேங்க்ல குறைச்சுப்பீங்க, நான் கேட்டா தப்பா மேடம்? ராத்திரி பகல்னு இல்லாம என் ஹாலைத் தெரு மாதிரி ஆக்கிட்டீங்க" என்றார். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாள். பதிலுக்கு அவர் துண்டோடு நடமாடுவதை நிறுத்தினார். ஒரு வீட்டு ஜன்னலில் சைக்கிள் கடை தெரிந்தது, மற்றதில் தண்ணீர்க் குழாய் ஓடும் ஒரு சுவர். இரண்டு வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்ற இருநூற்றுப் பதினான்கு அடி என்று மெக்கானிக் எண்ணியிருந்தார். தினமும் மாலை இருபது சுற்று நடந்தார். முதல் வருடம் மனைவி சில நாள் வாசற்கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றாள், ஒரு தடவையாவது தெரு வந்துவிடும் என்பதுபோல. பிறகு அதை விட்டுவிட்டு வட்டியில் இறங்கினாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வங்கியோடு போனில் மல்லுக்கு நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஏழே கால்வரை கொண்டுவந்தாள். வட்டி குறைந்த ஒவ்வொரு தடவையும் தவணைக் காலம் கொஞ்சம் நீண்டது.

மகளுக்கு அவர்கள் சொன்ன ஒரே புத்திமதி, எங்கேயும் கையெழுத்துப் போடாதே என்பதுதான். அவளுக்குப் பதினெட்டு நிறைந்தபோது, அவளையும் கடனில் சேர்த்தால் மேலும் குறைக்கலாம் என்று வங்கியிலிருந்து அழைத்தார்கள். குறைந்த வட்டியை மனைவி வேண்டாம் என்றது அந்த ஒரு முறைதான். மகள் படித்து, பதினோரு மணி நேர ரயில் தொலைவில் வேலைக்குப் போய், கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, அதே வங்கியில் கடன் வாங்கி ஏழாம் மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கினாள். ஐம்பத்திரண்டு பக்கத்தையும் படித்துத்தான் போட்டாள். அவள் கதவு ஒழுங்காகத் திறந்தது. ஆனால் ஆறாம் மாதக் கர்ப்பத்தில் டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றுவிட்டார். கணவன் கடலில், திரும்ப நான்கு மாதம் ஆகும். மகள் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போவதை மனைவி போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசற்கதவை மறுபடி திறந்து மூட ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, பேங்க்குக்குப் பேசினேன்."

"எதுக்குடி?"

"என் ஃப்ளாட்டையும் உங்க வீடுங்களோட சேர்த்து ஈடா வைக்கலாமாம். சேர்க்கிறதுக்கு நேர்ல வர வேணாமாம், போன்ல ஒன்னை அமுக்கினா போதுமாம்."

"அமுக்கித் தொலைச்சிடாதே. நாப்பத்தொன்னாம் பக்கம் தெரியுமில்ல உனக்கு?"

"மனப்பாடமா தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அமுக்கிட்டேன்மா. கால் சதவீதம் குறைச்சாங்க."

"அரை கேட்டிருக்கணும்டி, பைத்தியக்காரி" என்றாள் மனைவி. அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் காலை ஒரு பையில் இரண்டு புடவையும் வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குடித்தனக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "பொண்ணை நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். அவர் வாசலைத் திறந்து அவள் ஏழாம் மாடிக் கூடத்தில் கால் வைத்தாள். மகளின் கதவு அன்றுமுதல் அம்மா வீட்டில் திறந்தது. அவளால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாததால், டாக்டரும் ஒரு நர்ஸும் ஃப்ளாட்டுக்கே வந்து பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. கப்பலிலிருந்து வந்த மருமகன், எதிலும் கையெழுத்துப் போடாதவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய் வெயில் காட்டிவிட்டு வந்தார். குழந்தையின் உச்சந்தலை சூடாக இருப்பதை மெக்கானிக், மனைவி, மகள் மூன்று பேரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் மாலை நடை சுற்றுக்கு இருநூற்றெண்பது அடியாயிற்று.

குழந்தைக்கு மூன்று வயது நிறைந்த வாரம் வங்கியிலிருந்து சிறுவர் சேமிப்புக் கணக்குக்கான விண்ணப்பம் வந்தது. மேலே பலூன் படம், கீழே குழந்தையின் கட்டைவிரல் ரேகைக்கு ஒரு கட்டம். மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடியெழுத்து உட்பட இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு அதை நான்காக மடித்து, மகளின் சாப்பாட்டு மேசையில் குட்டையாயிருந்த காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. குழந்தை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, பக்கத்து ஃப்ளாட்டுக்கு விளையாடப் போனாள். மற்ற மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.