பெயர் உரிந்த இரண்டு குப்பிகள்

மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள தனியார் பால்பண்ணையில் ஜிஷா கால்நடை டாக்டர். மழை தொடங்கிய சமயத்தில், கன்று ஈன முடியாமல் தவித்த பசுவும் வயிற்றுக் கன்றும் அவள் கண்முன்னே செத்துப்போயின. அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொழுவத்துக்குள் காலெடுத்து வைத்தாலே நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும்.

சித்தப்பா மகன் டிஜோ கொச்சியில் ஜிம் நடத்துகிறான். அவன்தான் போனில் வழி சொன்னான்.

“அக்கா, ரெண்டு மருந்து இருக்கு. செலாங்க் பதட்டத்தக் கொறைக்கும். செமாக்ஸ் மூளையத் தீட்டிவிடும். ரெண்டும் பெப்டைடு, புரதத் துணுக்கு மாதிரி. மூக்குல ரெண்டு சொட்டு விட்டாப் போதும். நானே தினமும் விட்டுக்கிறேன்.”

ஜிஷா தேடிப் படித்தாள். கிடைத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ரஷ்யாவில் சிலபேரை வைத்துச் செய்தவை. இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிட்டுப் பார்த்தவர் யாரும் அவள் கண்ணில் படவில்லை. இங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத சரக்கு. எல்லாம் தெரிந்துதான் ஆன்லைனில் வரவழைத்தாள். வந்ததைப் பண்ணையின் தடுப்பூசி ஃப்ரிட்ஜில் ஓரமாக வைத்தாள்.

தானே ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவுசெய்தாள். ஒரு வாரம் செலாங்க், மறுவாரம் செமாக்ஸ். செலாங்க் வாரத்தில் மனம் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாரம் ஈனும் பசு ஒன்றும் இல்லை. செமாக்ஸ் வாரத்தில் கடகடவென்று வேலை ஓடியது. நெஞ்சும் அதே வேகத்தில் ஓடியது. மருந்தா, மழையா, தன் நினைப்பா? தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு காலை, தொழுவத்து ஆள் சுவக்கீன் இருமுகிற கன்றின் முகத்தைப் பிடித்து, அதன் மூக்கில் ஒரு குப்பியைச் சாய்க்கப் போனார்.

“அண்ணே, நிறுத்துங்க! என்ன மருந்து அது?”

“ஃப்ரிட்ஜில இருந்ததுதான் டாக்டரே. மூக்குல விடுற மருந்துன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க?”

“லேபிள் இல்லாத மருந்த ஒரு கன்னுக்குக் குடுக்கலாமா? அதுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

கத்திய பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இன்னொரு குப்பியும் மொட்டையாக நின்றது. ஈரத்தில் ஊறிய இரண்டு லேபிளும் தட்டின் அடியில் சுருண்டு கிடந்தன. என்றைக்கு உரிந்தனவோ! பழக்கத்தில் வலது பக்கத்துக் குப்பி, இடது பக்கத்துக் குப்பி என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக எதை எதோடு ஒப்பிட்டாள்? வெட்கத்தில் காது சுட்டது. இரண்டையும் கழிவு மருந்துப் பெட்டியில் போட்டாள்.

அன்று மதியமே முதல் ஈற்றுக் கிடாரி ஒன்றுக்குப் பிரசவ வலி கண்டது. கன்றின் முன்னங்கால்கள் தெரிந்தன, தலை வரவில்லை. ஜிஷாவின் கால்கள் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தன. ஓடிவிடலாம் போலிருந்தது.

“அண்ணே, எனக்குக் கை நடுங்குது. பயமா இருக்கு” என்றாள். யாரிடமும் அவள் சொல்லாத வார்த்தை அது.

சுவக்கீன் கன்றின் கால்களில் கட்டி இழுக்கும் கயிற்றை எடுத்தார். “எனக்குந்தான் இருக்கு. நான் கயித்தப் பிடிச்சுக்கிறேன். என்ன செய்யணும்னு நீங்க சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்ங்க.”

அவள் கையுறை மாட்டி உள்ளே கைவிட்டாள். தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. “கன்னுக்குட்டிய உள்ள தள்றேன்... அது மூக்கக் கைக்குள்ள பிடிச்சிட்டேன்... திருப்புறேன்.” சொல்லச் சொல்லக் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கியபடியே தலையைத் திருப்பியது. “இப்ப இழுங்க, மெல்ல!”

கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்து தும்மியது. கிடாரி எழுந்திருக்க இருட்டாகிவிட்டது. அதுவரை ஜிஷா அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தாள்.

அந்த வாரமே லீவு போட்டு, பூப்பாறை வழியாகப் போடிக்கு இறங்கி மனநல டாக்டரைப் பார்த்தாள். மூக்கில் விட்டதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை, நிறையக் கேட்டார், மாத்திரை எழுதினார், வாரம் ஒருமுறை பேச வரச்சொன்னார்.

“எப்ப சரியாகும் டாக்டர்?”

“கொஞ்சம் நாளாகும்.”

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. போடிமெட்டு வளைவுகளில் கம்பியைப் பிடித்தும் விட்டும் அசைந்துகொண்டே இருந்தாள். டிஜோ இரண்டு முறை அழைத்தான். மூன்றாவது அழைப்பில் எடுத்து, “நீயும் அந்த மருந்த நிறுத்துடா, நேர்ல வா பேசலாம்” என்றாள்.