மோந்து பாக்க ஒரு ஆளு

முப்பத்தாறு வருசம் தோல் பதம் போடுற ஷாப்புல கெடந்தவன் நான். உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோல் கட்டைப் பிரிச்ச உடனே, நல்லது எது கெட்டது எதுன்னு மோந்தே சொல்லிருவேன். நைனா முகமது மூக்கு தப்பாதுன்னு முதலாளியே சொல்லுவாரு. அந்தத் திமிருதான் என் காலைத் தின்னுச்சு.

கொரோனா ரெண்டாவது தடவை வந்து ஊரை மூடின சமயம். எனக்கு இருவது வருசமாச் சக்கரை. வலது அடிப்பாதத்துல, பெருவிரலுக்குக் கீழ ஒரு புண்ணு. காலு மரத்துப் போனதால வலி தெரியாது. கண்ணும் மங்கல், மூஞ்சி பாக்குற கண்ணாடியைக் காலுக்குக் கீழ வச்சுப் பாத்தாலும் புண்ணு சரியாத் தெரியாது. கட்டுப் போட்டுவிட்ட கிளினிக்கையும் பூட்டிட்டாங்க. அங்க இருந்த லிடியா சிஸ்டர் போன்லயே சொல்லிக் குடுத்துச்சு.

"சலைன் ஊத்திக் கழுவி, மருந்து வச்சுக் கட்டுங்க பாய். கண்ணு தெரியலைன்னா பழைய கட்டை மோந்து பாருங்க. வாடை அடிச்சா அன்னைக்கே கூப்பிடணும். உள்ள பரவிருச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

"மோந்து பாக்க எனக்கே பாடமாம்மா?"ன்னேன். சிரிச்சுச்சு.

வீட்டுல நான் ஒத்தை ஆளு. பொண்டாட்டி ஜெய்தூன் மவுத்தாகி நாலு வருசம். மக ரஃபியா சென்னையில. தினம் போன் போட்டு, "அத்தா, வாடை இருக்கா?"ன்னு கேக்கும். எதிர்வீட்டு தேவதர்ஷினி சோத்துத் தூக்கை வாசக் கேட்டுல மாட்டிட்டு, பத்தடி தள்ளி நின்னு "சாப்பிடுங்க பாய்"னு கத்திட்டுப் போயிரும். தங்கமான பிள்ளை. ஆனா ஒரு மனுச மூஞ்சியைக் கிட்டத்துல பாத்து ஒரு மாசமாச்சு. சில நாளு சுவத்தைப் பாத்துப் பேசுவேன். பதில் சொல்லலைன்னு அது மேல கோவம் வேற வரும்.

நடுவுல ரெண்டு நாளு காய்ச்சல். தகரம் வச்சுத் தெருவை அடைச்சுருவானுகன்னு எவன்கிட்டயும் மூச்சு விடலை. மாத்திரை போட்டேன், விட்டுருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை குடுத்த குழம்பு, வெஞ்சனம் எதுலயும் உப்புசப்பில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைக சமையலைத் திட்டிக்கிட்டே தின்னேன். கட்டைப் பிரிச்சு மோந்தேன், ஒண்ணுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஆறுதுன்னு நெனச்சேன். பன்னெண்டு நாளு இப்படியே போச்சு.

அன்னைக்கு கேஸ் சிலிண்டர் போட மோகன்குமார் வந்தான். அடுப்படியில மாட்டிட்டு, லீக் இருக்கான்னு பாக்க மாஸ்க்கை எறக்கினவன், "பாய், எங்கயோ எலி செத்துக் கெடக்கு"ன்னான்.

"என் மூக்குக்குத் தெரியாத எலியா?"

கட்டிலை இழுத்தோம், பெட்டியை நகத்துனோம். எலியைக் காணோம். நான் கிட்டப் போகப் போக அவன் தள்ளித் தள்ளிப் போறான். கடைசியில மென்னு முழுங்கிச் சொன்னான்: "பாய்... உங்ககிட்ட இருந்துதான் வருது."

வந்துச்சு பாருங்க கோவம். "ஏலே, வாயை அடக்கிப் பேசு!"ன்னு கத்துனேன். பாவம், வாசலுக்குப் போயிட்டான். அப்புறம் அத்தர் குப்பியைத் தொறந்து மூக்குல வச்சேன். ஒண்ணுமில்லை. பினாயில் பாட்டிலைத் தொறந்தேன். அதுவும் இல்லை. அந்தக் காய்ச்சலுதான் என் மூக்கைக் கொண்டு போயிருக்கு.

மோகன்குமாருதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரியில பாதிப் பாதத்தை எடுத்துட்டாங்க. பத்து நாளு முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்னாரு டாக்டரு. ரஃபியா அழுதுச்சு. "தினம் கேட்டேனே அத்தா!" கேட்டுச்சுதான். போன்ல வாடை போகுமா?

ரஃபியா வந்து பதினஞ்சு நாளு கூட இருந்துட்டுப் போச்சு. சென்னைக்குக் கூப்பிட்டுச்சு, நான்தான் வீம்பா மாட்டேன்னுட்டேன். மூக்கு இன்னும் திரும்பலை. நேத்து லிடியா சிஸ்டர் போன்ல சொல்லுச்சு: "மிச்சப் பாதத்தையாவது காப்பாத்தணும் பாய். கட்டைப் பிரிக்கும்போது யாரையாவது மோந்து பாக்கச் சொல்லுங்க." சரிம்மான்னு வச்சிட்டேன்.

இன்னைக்கு தேவதர்ஷினி வந்துச்சு. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. பசிக்குதுன்னு கேக்கலாம், மருந்து வாங்கிட்டு வான்னு கேக்கலாம். செத்த நேரம் உள்ள வந்து என் காலை மோந்து பாரும்மான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது?

"நல்லா இருக்கீங்களா பாய்?"ன்னுச்சு.

"நல்லா இருக்கேம்மா"ன்னேன்.