ஒன்பது நாள் முட்டைகோஸ்

காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. போகிற போக்கில் என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு வேலையில் இருப்பவனுக்கு இது பெரிய நஷ்டமில்லை. நானோ நானூறு பேர் சாப்பிடுகிற தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரன். அண்டா அடிப்பிடித்துக் கூடமே நாறிய பிறகும், பக்கத்தில் நின்று நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தேன். மறுநாளே என்னைக் காய் நறுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் சரியாகலேன்னா அடுப்புக்கு வேற ஆள் போடணும். தப்பா நினைக்காதீங்க," என்றார் மேனேஜர். தப்பாகத்தான் நினைத்தேன்.

டாக்டர் மாத்திரைகூட எழுதவில்லை. தினமும் எதையாவது முகர்ந்து பாருங்கள், நரம்பு மெல்லத் திரும்பும், விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். எதை முகர்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பத்து வருஷமாக வீட்டில் முட்டைகோஸ் புளிக்க வைக்கிறவன் நான். மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, அதன் தண்ணீரிலேயே அது மூழ்கும்படி ஜாடியில் அழுத்தி வைத்துவிட வேண்டும். தினம் காலையில் மூடியைத் திறந்து முகர வேண்டும். பச்சை வாடை போய் நல்ல புளிப்பு ஏறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். இதில் கைக்கு வேலை ஒரு நாள், மூக்குக்குத்தான் மீதி எல்லா நாளும்.

காய்ச்சலுக்குப் பிறகு போட்ட முதல் ஜாடியை என் மனைவி மூன்றாம் நாளே முகர்ந்து, "வாடை சரியில்லைங்க," என்று கொட்டிவிட்டாள். அதோடு நான் இரண்டு வாரம் எதையும் முகரவில்லை. வேலை முடிந்து வந்தால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் சண்டை. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் சாப்பிட வரும் என் மச்சினன், "வாசனைதான் போச்சு. கோபம் மட்டும் அப்படியே மூக்கு நுனியில உக்காந்திருக்கு மாமா," என்றான். அவன் தட்டை நான் பிடுங்காதது அவன் அதிர்ஷ்டம்.

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது இரண்டாவது ஜாடி போட்டேன். தினமும் காலையில் நான் முதலில் முகர்வேன். ஒன்றும் தெரியாது. பிறகு ஜாடியை மனைவியிடம் நீட்டுவேன். தைத்துக்கொண்டிருக்கும் பள்ளிச் சீருடையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து வருவாள். குனிந்து, ஜாடிக்குள் முகத்தை விட்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பாள்.

"நல்லா வருதுங்க. நாளைக்கும் பாருங்க," என்பாள்.

நானும் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்திருந்தேன். ஆறாம் நாள் தையல் மெஷினைப் படுக்கையறைக்கு மாற்றினாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். மின்விசிறி ஓயவே இல்லை, ஜன்னலை யாரும் மூடவே இல்லை. மச்சினன் தட்டோடு வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். வீட்டில் ஆளாளுக்கு ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை மூடியைத் திறந்தேன். மூக்குக்குள் எங்கேயோ ஒரு குத்தல். பிரமை என்று மறுபடி குனிந்தேன். அடைத்துக்கொண்ட சாக்கடையில் அழுகிய முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் ஒரு நாற்றம் மண்டைக்கு ஏறியது. ஜாடியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் முறையும் இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏய், இங்க வா," என்று கத்தினேன். அவள் ஓடி வந்தாள். பின்னால் மச்சினனும் வந்தான்.

"இது நாறுதா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"லேசா," என்றாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளா. கடையில பொடி உப்பு இல்லைன்னு கல் உப்பு வாங்கிட்டு வந்தேன். நீங்க அதே கரண்டியில அதே கணக்குக்குப் போட்டுட்டீங்க. உப்பு பத்தலை."

கல் உப்பு கரண்டியில் இடம்விட்டு நிற்கும், எடை குறையும். கேன்டீனில் புதிதாக வருகிறவனுக்கு நான் முதல் நாளே சொல்லும் விஷயம்.

"எங்க தெரு முனை வரைக்கும் வருது மாமா," என்றான் மச்சினன். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"அப்ப ஏன் நல்லா வருதுன்னே?"

"போன தடவை கொட்டினப்ப முகர்றதையே விட்டுட்டீங்க. இதையும் கொட்டினா, மூக்கோட சேர்ந்து கையும் போச்சுன்னு உக்காந்துடுவீங்க. தினமும் முகரணும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு அதுதான் கணக்கு. திங்கறதுக்கு முன்னாடி எப்படியாவது தட்டி விட்டுடலாம்னு இருந்தேன்."

அவள் பக்கத்தில் போய் நின்றேன். தையல் மெஷின் எண்ணெய், புதுத் துணியின் கஞ்சி, தலைக்குத் தேய்த்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாக, தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சொன்னேன். மச்சினன் இருக்கும்போதே சொன்னேன். அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். முதல்ல அதை வெளிய கொண்டு போங்க," என்றாள்.

ஜாடியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன் நின்றேன்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முகர்ற மாதிரி நடிச்சிருக்கலாமே. ஏன் அவ்வளவு ஆழமா இழுத்தே?"

"எப்படி நடிக்கிறது? தினமும் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்களே," என்றாள்.