ஹாலுக்குள் ரப்பர் ஷீட்

காலையிலிருந்து ராபின்சன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஜன்னல் பக்கம் வைத்தான், மூலைக்குக் கொண்டுபோனான், ஸ்டூல் மேல் ஏற்றினான். எங்கே வைத்தாலும் ஆனந்தபாய் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோலவே கேட்டது.

பாடியது கேசட்டில் இருந்த ஆனந்தபாய். அவன் மனைவி. ஆரியங்கோட்டுச் சபையில் பாட்டுக்காரர்களின் முன்வரிசையில் நின்றவள். போன வருஷம் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனது. உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. இப்போது வருவது காற்றும் கரகரப்பும்தான். முன்பு ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பதிவு செய்த கேசட் ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்காவிட்டால் ராபின்சனுக்குச் சோறு இறங்காது.

பழைய ஓட்டு வீட்டில் இதே டேப் செட்டில் அவள் காதோரம் வந்து பாடினாள். அந்த வீட்டில் மழைக்காலம் முழுக்கத் தலைக்கு மேலே வரிசை வரிசையாக, ரப்பர் பாலை உறையவைத்து உலரப் போட்ட ஷீட் தொங்கும். வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து வருவார்கள். சார்ஜாவில் லாரி ஓட்டி வந்தவனுக்கு அது பெரிய கௌரவக் குறைச்சல். இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினான். பந்து விளையாடுகிற அளவுக்கு ஹால், வழுவழுவென்று மொசைக், மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். "ஒரு ஷீட்டு இதுக்க உள்ள வரப்பிடாது" என்று குடியேறிய அன்றே சட்டம் போட்டான். சட்டம் போடத் தெரிந்த மனுஷன் கேசட்டைப் போட்டதும் முழித்தான்.

பாறசாலையில் ரேடியோ கடை வைத்திருக்கும் கனகதாஸ் வந்து செட்டைப் பிரித்துப் பார்த்து மூடினான்.

"செட்டுக்கு ஒரு கேடும் இல்ல அண்ணே. ஹாலு பெரிசாக்கும். பெரிய ஸ்பீக்கர் வச்சா சரியாவும்."

வாங்கி வைத்தான். முழக்கமும் பெரிதானது. ஒரு சொல் சுவரில் அடித்துத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுந்தது.

ஆனந்தபாய் அடுக்களை வாசலில் நின்று ஏதோ சொல்வாள். "என்ன பிள்ளே? ஒண்ணும் கேக்கல்ல" என்று இவன் கத்துவான். அந்தக் கத்தல் நாலு சுவரிலும் மோதி, அவள் சொன்ன கொஞ்சத்தையும் விழுங்கிவிடும். நாளாக ஆக அவள் பேச்சையே விட்டாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் தட்டைத் தட்டினாள். அது இவனை அறுத்தது. அறுத்ததால்தான் இன்னும் வெறியோடு ஸ்பீக்கரை நகர்த்தினான். குரலைத் திரும்பக் கொண்டுவந்து தந்தால் அவள் முகம் தெளியும் என்று நினைத்தான், பாவம்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஒரு மத்தியானம் ஷீட் உலர்த்தும் கொட்டகை சரிந்தது. ராபின்சன் நெய்யாற்றின்கரைக்கு ஒயர் வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஹாலில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி காயப்போட்டதுபோல ஷீட்டாகத் தொங்கவிட்டிருக்கிறாள் ஆனந்தபாய். தரை முழுக்கச் சாக்கு. அதே புளித்த நாற்றம்.

"இது வீடா, ஷீட்டு உணக்குத புகைப்புரையா?" என்று சீறியவன் அப்படியே நின்றான். அவன் குரல் சொன்ன இடத்திலேயே முடிந்தது. சுவரிலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை.

நனைந்த சட்டையோடு செட்டுக்கு ஓடினான். கேசட்டைத் திணித்துப் பட்டனில் விரல் வைத்தபோது, ஷீட்டுகளுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"சாயா ஆறுது. குடிச்சிற்று சண்ட போடுங்கோ."

கரகரப்புத்தான், காற்றுத்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. அவன் விரல் பட்டனிலேயே இருந்தது.

"என்ன சொன்ன?"

"கேக்கல்லியா?"

"கேட்டுது. இன்னொருக்கா சொல்லு."

அந்தப் பக்கம் அவள் சாயா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு நாளும் அடுக்களை வாசல்ல நிண்ணு நான் என்ன சொன்னேன்னு தெரியுமா? அந்தக் கேசட்ட நிறுத்துங்கோன்னாக்கும் சொன்னேன். செத்தவளுக்க பாட்டப் போடுது மாதிரி போடாதீங்கோ. நான் இஞ்ச நிக்கேன்லா."

ராபின்சன் விரலை எடுத்தான். அவனுக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்து, ஷீட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தான்.