பதினோரு கிலோமீட்டர், இருபது நிமிடம்

விடிகாலை ஐந்தரைக்கு ராஜாம்பாள் ஆறாவது குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஈரச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது, கல்வராயன் மலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கும். மகள் இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. இடது பெடலில் கட்டை உதிர்ந்து இரும்புத் தண்டு மட்டும் மிச்சம். ஏறின முதல் மிதியிலிருந்தே எழும்பி நின்றுதான் மிதிப்பாள். முழங்கால் எரியும், வாயில் எச்சில் பசைபோல் ஒட்டும். முன்னும் பின்னுமாக எங்கள் ஊர்ச் சைக்கிள்கள் அத்தனையும் அதே ஓட்டம். வழியில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசினால் மூச்சு செலவாகும்.

ஊரிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்குப் பதினோரு கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் அரை நாள் கூலி போச்சு. குழாயில் தண்ணீர் வருவது ஐந்திலிருந்து ஐந்தரை வரைக்கும்தான். ஆக, வழிக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். பந்தயம் ஓட்டுகிறவன் அந்த வேகத்தில் போவான். ஆனால் அவன் அதற்கு முன்னால் ஆறு குடம் தூக்கியிருக்க மாட்டான்.

இந்த வேகத்தை வைத்தவர் முதலாளி என்று ஊரில் திட்டுவார்கள். பாவம், அவர்மேல் முழுப் பழியையும் போடக் கூடாது. வைத்தவன் நான்.

என் பெயர் சின்னதுரை. வயது அறுபத்தொன்பது. ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கிளறிவிடுவது வேலை. எனக்கு ஒரு குணம் உண்டு. உண்மையை வெறும் உடம்போடு வெளியே அனுப்பினால் அதற்குக் குளிருமே என்று மேலே ஒரு துண்டு போர்த்தித்தான் அனுப்புவேன். ஒரு தடவை மலையிலிருந்து சைக்கிளில் இறங்கின வேகத்தில் என் நிழல் பின்தங்கிவிட்டது. கச்சிராயபாளையத்தில் நான் டீ குடித்து முடித்த பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு டீ சொன்னேன். இதை ஊரில் ஐம்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தர்கூட நம்பியதில்லை. நம்புகிற ஆளுக்காகத்தான் நாற்பது வருஷமாகக் காத்திருந்தேன்.

போன மாசியில் அவர் கிடைத்தார். அப்போது கேட் நேரம் ஆறரை. தினமும் ஐந்தரைக்கே கேட்டில் நிற்கிற என்னைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த முதலாளி கேட்டார்.

"இன்னா பெருசு, எனக்கு முன்னாடி வந்து நிக்கிற? எவ்ளோ நேரம் ஆவுது ஊர்லேருந்து?"

"இருபது நிமிசங்க. எதிர்க்காத்து அடிச்சா இருபத்தொண்ணு."

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பலகையில் எழுதிப் போட்டார்கள்: கேட் ஆறு மணிக்கு மூடப்படும். ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற அந்தோணிதாஸ் கேட்கப் போனான். "மொதலாளி, தண்ணி புடிச்சிட்டுக் கெளம்பவே அஞ்சரை ஆவுதுங்க. அரை மணி நேரத்துல எப்படிங்க வர முடியும்?"

"இந்தப் பெருசு இருபது நிமிசத்துல வர்றாரு. ஒங்களுக்குப் பத்து நிமிசம் ஜாஸ்தியாவே குடுத்துக்கிறேன். ஒடம்பு வளையணும்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீசையை நீவிவிட்டுக்கொண்டேன். என் ஆயுசில் ஒரு முதலாளி என்னை உதாரணம் காட்டியது அதுதான் முதல் தடவை.

இப்போது துண்டை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். நான் கிளம்புவது நாலேகாலுக்கு. ஒண்டிக்கட்டை, குடமும் இல்லை, எழுப்பிவிடப் பிள்ளையும் இல்லை. மேட்டில் இறங்கித் தள்ளுவேன். ரெண்டு இடத்தில் உட்காருவேன். ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. ஓடைப் பாலத்து இறக்கத்துக்கு ராஜாம்பாள் வந்தபோது ஆறுக்கு எட்டு நிமிடம். அந்த இறக்கத்தில் பிரேக்கை விட்டால் ரெண்டு நிமிடம் மிச்சமாகும் என்று எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவளும் விட்டாள். கீழே கிழங்கு ஏற்றின டிராக்டர் டிப்பர், பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டி நின்றிருந்தது. தோள் எலும்பு முறிகிற சத்தம் மரவள்ளிக் குச்சியை ஒடிக்கிற மாதிரி கேட்டது என்று பின்னால் வந்த உபகாரமேரி சொன்னாள். உபகாரமேரியும் அந்தோணிதாசும் இறங்கித் தூக்கினார்கள். மீதி முப்பத்துநாலு பேர் மணியடித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். திரும்பிப் பார்த்தவர்களும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

நான் அப்போது கேட்டருகில் குந்தி, ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆபீஸ் வாசலில் கூடினோம். முதலாளி செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரோட்டுல உழுந்ததுக்கு மில்லு இன்னா பண்ணும்? நானா புடிச்சித் தள்ளுனேன்? திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். வரலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு."

நான் முன்னால் போனேன். "மொதலாளி, நான் சொன்னது பொய்யிங்க. எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆவுது. நாலேகாலுக்கே கெளம்பிடறேன்."

இப்போது அவர் சிரித்தார். "யோவ், நீ ஆயுசுல ஒரு நெசம் பேசிக்கிறியா? ஒன் நெழலு டீ குடிச்ச கதையெல்லாம் எனக்கும் தெரியும். இத மட்டும் நான் நம்பணுமா?"

"அப்ப அந்த இருபது நிமிசத்த மட்டும் இன்னாத்துக்கு நம்புனீங்க?" என்றாள் உபகாரமேரி.

"அது எனக்குத் தோதா இருந்துது. போயி வேலையப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை ராஜாம்பாள் வீட்டு வாசலில் ஊரே நின்றது. கட்டுப் போட்ட தோளோடு அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். தாண்டிப் போன முப்பத்துநாலு பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டையே பார்த்தார்கள். எனக்கு யாரும் உட்கார இடம் விடவில்லை. மேலே கல்வராயனில் பிறந்து இங்கே வாக்கப்பட்ட செல்லியம்மாள் என் எதிரே வந்து நின்றாள்.

"ஒன் நாக்கக் கொண்டுபோயி அந்த டிப்பர் அடியில வெச்சிருக்கணும். நாளைக்கு மறுக்கா கத சொல்லு, பத்து நிமிசத்துல பறந்து வந்தேன்னு. செத்துத் தொலையறோம்."

"அவர உடு செல்லி," என்றாள் ராஜாம்பாள். "மாமா வாயால மட்டுந்தான் போனாரு. நீங்கல்லாம் காலாலயே தாண்டிப் போனீங்களே."

உள்ளே இலக்கியா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் போயி நிக்கலன்னா எடம் போயிடும்," என்றாள் ராஜாம்பாள். "ஒரு கையால ஜவ்வரிசியில தூசி பொறுக்க முடியாதா? எவனாவது கேரியர்ல ஏத்திக்கினு போவீங்களா?"

"குலுங்குனா எலும்பு திரும்ப உட்டுடும் அக்கா," என்றான் அந்தோணிதாஸ். "பள்ளம் பாத்து ஓட்டணும். ஆறு மணிக்கெல்லாம் ஆவாது."

செல்லியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க மலையில கடுக்கா மூட்ட எறக்கச்சொல்லோ, யாரு நட கம்மியோ அவங்கதான் முன்னால. அவங்களத் தாண்டி ஒருத்தரும் காலு வெக்கக் கூடாது. பின்னால வர்றவன் ஓடுனா, அவன் கால்ல உருளுற கல்லு முன்னால போறவங்க தலையிலதான உழுவும்? எல்லாம் அந்த ஓட்டத்தாலதான் உழுவுது." பிறகு நிமிர்ந்து, "வியாழக்கெழம நானும் தாண்டிப் போனேன் ராஜி," என்றாள்.

அவ்வளவுதான். கையெழுத்து, தீர்மானம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை நான் வாழ்நாளில் முதல் தடவையாக ஐந்தரை வரைக்கும் காத்திருந்தேன். முன்னால் அந்தோணிதாஸ், அவன் கேரியரில் மடித்த சாக்கின்மேல் ராஜாம்பாள். அடுத்து நான். எங்கள் பின்னால் முப்பத்தைந்து சைக்கிள்கள். வேகம் என்னவென்று கேட்டால், ராஜாம்பாளின் தோள் எலும்பு தாங்குகிற வேகம். அவள் பல்லைக் கடித்தால் அவன் பெடலை நிறுத்துவான். அவன் நிறுத்தினால் சாலையே நின்றது.

பாலத்துக்கருகே சூப்பர்வைசர் அஜித் பைக்கில் வந்து பக்கத்திலேயே உருட்டினான். "மொதல்ல வர்ற அஞ்சு பேருக்கு இன்னிக்கி ஆறரை வரைக்கும் கேட்டு தொறந்திருக்கும்னு மொதலாளி சொல்றாரு. மணி ஆறு இருபத்தி மூணு. மிதிச்சா புடிச்சிடலாம். இன்னா, மிதிக்கிறீங்களா?"

பின்னால் ஒரு சங்கிலி கிறீச்சிட்டது. யாரோ எழும்பி நின்றார்கள். திரும்பினேன். செல்லியம்மாள்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு காலில் நின்றபடி இறக்கத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சீட்டில் உட்கார்ந்து ரெண்டு பிரேக்கையும் பிடித்தாள்.

"நீ போப்பா," என்றாள் அஜித்திடம். "ஒனக்கு நேரமாவுது."

இறக்கத்தில் நாங்கள் அத்தனை பேரும் பிரேக் பிடித்து இறங்கினோம். முப்பத்தேழு சைக்கிள் பிரேக் கட்டைகள் தேய்கிற சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. ஓடையில் நின்ற கொக்கு ஒன்று என்னமோ ஏதோவென்று காதைப் பொத்திக்கொண்டது.

ஆலைக்கு வந்து சேர்ந்தபோது ஆறு நாற்பத்தேழு. கேட் மூடியிருந்தது. உள்ளே ரெண்டு லோடு கிழங்கு கொட்டிக் கிடந்தது. இன்றைக்கே அரைக்காவிட்டால் கிழங்கு நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அரைக்கும் இயந்திரம் ஆளில்லாமல் நின்றது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி. முகம் சிவந்திருந்தது.

"எவன் கெளப்பி உட்டது இத? எல்லாத்தையும் மாத்திடுவேன். சின்னசேலத்துல போன் பண்ணா ஒரு மணி நேரத்துல நூறு பேரு வருவான்."

"வரட்டுங்க," என்றாள் உபகாரமேரி. "அவங்களும் சைக்கிள்லதான வரணும்."

அவர் கண் எங்கள் வரிசையில் ஒவ்வொருவராகத் தடவி, என்மேல் நின்றது. குரலை இறக்கினார். "பெருசு, ஒனக்கின்னா வந்துது? ஒன்ன ஒரு நாளாவது கேட்டுல நிறுத்திக்கிறனா? நீ மட்டும் உள்ள வா."

அஜித் பெரிய கேட்டுக்குள் இருந்த சின்னத் திட்டிக் கதவைத் திறந்தான். ஓர் ஆள் நுழையும் அகலம். அறுபத்தொன்பது வயதில் இந்த ஆலையை விட்டால் எனக்கு வேறு வாசல் கிடையாது. அது அவருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் முப்பத்தேழு பேர் மூச்சை நிறுத்தியிருந்தார்கள். என்னை நம்பி யாரும் எதையும் விட்டதில்லை, அன்றைக்கும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன்.

"நான் இன்னும் வந்து சேரலீங்க," என்றேன். "இது என் நெழலு. வேகமா வந்துட்டுது. நான் ராஜாம்பாளுக்குப் பின்னாடி மெதுவா வந்துகினு இருக்கேன். அவ உள்ள போனப்புறந்தான் நான் வருவேன்."

சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த ராஜாம்பாள் வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தாள். அந்தோணிதாஸ் ஸ்டாண்டைத் தட்டினான். அடுத்து செல்லியம்மாள், அடுத்து உபகாரமேரி. கடைசிச் சைக்கிள் வரைக்கும் இரும்பு தரையில் இறங்குகிற சத்தம் சாலை நெடுக ஓடியது. முதலாளி போனைக் காதில் வைத்தார், எடுத்தார், கிழங்குக் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

கேட் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ தூக்குவாளியைத் திறந்து கூழை ராஜாம்பாளுக்கு முதலில் நீட்டினார்கள். அடுத்தது என் கைக்கு வந்தது. "ஒன் நெழலுக்கும் ஒரு வாய் குடு," என்றாள் செல்லியம்மாள்.